வால்வு மூடியதும் எரிவாயு அழுத்தம் எகிறுமா? சிங்கப்பூரில் முதல்முறை கணக்குப் போடுபவருக்கு ஒரு வழிகாட்டி

"தம்பி, அந்த வால்வ மூடுனா பிரஷர் எவ்வளவு ஏறும்னு ஒரு கணக்கு போட்டுக் குடுங்க." சிங்கப்பூரில் எரிவாயு வேலைக்கு வந்த இளம் பொறியாளர் எவருக்கும் ஒருநாள் இந்த வேலை வந்து சேரும். கேட்பவர் ஒரு மதியத்தில் முடிகிற காரியம் என்று நினைத்துத்தான் கேட்பார். கணக்கு உண்மையிலேயே ஒரு மதியம்தான். அதற்கு வேண்டிய தாள்களைத் திரட்டவும், எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று பிடிபடவும்தான் வாரக்கணக்கில் இழுக்கும். எனக்கு இழுத்தது. உங்களுக்கு இழுக்க வேண்டாம் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்க்கான 'வாட்டர் ஹேமர்' (ஓட்டம் திடீரென நின்றால் குழாயில் விழும் அழுத்த அடி) விளக்கம். அதே சூத்திரம் எரிவாயுவுக்கும் பொருந்தும், ஆனால் விடை சின்னதாக வரும். அதைப் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எரிவாயுவில் பார்க்க வேண்டியது வேறு: வால்வு மூடிய பிறகும் பின்னாலிருந்து வாயுவைத் தள்ளிக்கொண்டிருப்பது எது, அது நிற்க எத்தனை நொடி ஆகிறது.

1. எந்த வால்வு, ஏன் மூடுகிறது என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் கணினியைத் திறக்காதீர்கள். இங்கே பொதுவாக மூன்று வகை வேலைகள் வரும்.

ஒன்று, தொழிற்சாலை பாய்லர் அல்லது அடுப்பின் பர்னருக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வால்வு. அது ஒரு நொடிக்குள் மூட வேண்டியது. இரண்டு, மின்நிலைய எரிவாயு டர்பைனின் ஸ்டாப் வால்வு. சிங்கப்பூர் மின்சாரத்தில் 95 விழுக்காட்டுக்குக் கிட்ட இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது, அதனால் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. மூன்று, ஜூரோங் தீவு போன்ற இடங்களில் நீளமான குழாயில் இருக்கும் அவசர அடைப்பு வால்வு. பத்துப் பன்னிரண்டு நொடியில் மெதுவாக மூடும். குழாய் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு நொடி என்பது பலர் பிடிக்கும் தோராய அளவு.

மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான், தலைவலி வெவ்வேறு. பர்னரில் குழாய் குட்டி, நேரமே இல்லை. டர்பைனில் ஒன்று டிரிப் ஆனால் (பாதுகாப்புக்காகத் தானாக நின்றால்), அதே ஹெடரில் (பொதுக் குழாயில்) இருக்கும் பக்கத்து டர்பைனும் அழுத்தத் தள்ளாட்டத்தில் டிரிப் ஆகலாம். நீளக் குழாயில் கம்ப்ரசர் எப்போது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

குழாயில் ஓடுவது இயற்கை எரிவாயுவா, டவுன் கேஸா (ஆலையில் தயாரித்துக் குழாயில் வரும் நகர எரிவாயு) என்றும் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு குழாய் வலையமைப்பு. டவுன் கேஸில் பாதிக்குக் கிட்ட ஹைட்ரஜன், அதனால் அடர்த்தியும் ஒலிவேகமும் மீத்தேனோடு ஒத்துப்போகாது. மீத்தேன் எண்ணைப் போட்டு வந்த அறிக்கைகளை நானே பார்த்திருக்கிறேன்.

2. தாள்களைத் திரட்டுங்கள்

நேரம் சாப்பிடுவது இதுதான். அதனால் முதல்நாளே எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விட வேண்டும்.

முதலில் பி அண்ட் ஐடி வரைபடம் (குழாய்களும் கருவிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டுவது). அப்புறம் குழாயின் ஐசோமெட்ரிக் வரைபடங்கள். நீளமும் உள்விட்டமும் அதிலிருந்துதான் வரும். 'ஆஸ் பில்ட்' (கட்டி முடித்தபடி வரைந்தது) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் ஒருமுறை நடந்து வந்துவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத கிளைக்குழாய் ஒன்று எப்போதும் இருக்கும்.

மூடுகிற வால்வின் டேட்டா ஷீட்டில் இருக்கும் மூடும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது உச்சவரம்பு. "12 நொடிக்குள்" என்று எழுதியிருக்கும், களத்தில் ஐந்தில் மூடும். பராமரிப்புப் பிரிவிடம் ஸ்ட்ரோக் டெஸ்ட் (வால்வை மூடிப் பார்த்து நேரம் அளந்த சோதனை) பதிவு இருக்கும், அதைக் கேளுங்கள். இன்னொன்று, பால் வால்வு 90 பாகை திரும்பும்போது முதல் பாதியில் ஓட்டம் அவ்வளவாகக் குறையாது, கடைசிப் பகுதியில்தான் விழும். பத்து நொடி வால்வு என்றால் ஓட்டம் நிற்பது கடைசி இரண்டு மூன்று நொடியில் என்று வைத்துக்கொண்டால்தான் பாதுகாப்பு.

வால்வுக்குப் பின்னால் தள்ளுவது ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் கருவி) என்றால் அதன் மாடல், ஸ்பிரிங் எல்லை, லாக்கப் வகுப்பு எல்லாம் வேண்டும். ஓட்டம் முழுதும் நின்றபிறகு ரெகுலேட்டர் இறுக மூடிக்கொள்ளும் அழுத்தம் (இதுதான் லாக்கப்), செட் செய்த அழுத்தத்தைவிட எப்போதும் கொஞ்சம் மேலேதான் இருக்கும். லாக்கப் வகுப்பு எஸ்ஜி 10 என்றால் 10 விழுக்காடு வரை, எஸ்ஜி 20 என்றால் 20 விழுக்காடு வரை. இதைச் சேர்க்க மறந்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். பைலட் (பெரிய ரெகுலேட்டரை இயக்கும் குட்டி ரெகுலேட்டர்) வைத்த ரெகுலேட்டர் துல்லியமானது, ஆனால் நேரடி ஸ்பிரிங் வகையைவிட மெதுவாக நகரும். தள்ளுவது கம்ப்ரசர் என்றால் அதன் ஓட்ட-அழுத்த வரைகோடும், ரீசைக்கிள் வால்வு (வாயுவைக் கம்ப்ரசரின் நுழைவுக்கே திருப்பி விடுவது) திறக்க ஆகும் நேரமும் தேவை.

பிறகு எல்லாப் பாதுகாப்புக் கருவிகளின் செட் பாயின்ட்கள்: ஸ்லாம் ஷட் (அழுத்தம் எல்லை மீறினால் சட்டென மூடி, கையால் ரீசெட் செய்யும்வரை மூடியே இருக்கும் வால்வு), ரிலீஃப் வால்வு (மிகையான அழுத்தத்தை வெளியேற்றுவது), பிரஷர் சுவிட்ச். ஒரே தாளில் ஏறுவரிசையில் எழுதிப் பாருங்கள். வழக்கமான அழுத்தம், லாக்கப், ரிலீஃப், ஸ்லாம் ஷட், குழாயின் வடிவமைப்பு அழுத்தம். ஸ்லாம் ஷட்டும் லாக்கப்பும் ஒட்டிக்கொண்டு நிற்பது இந்தத் தாளிலேயே தெரிந்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது.

கடைசியாக, எரிவாயுவின் கலவை அறிக்கை. வழங்கும் நிறுவனத்திடம் வாடிக்கையாளர் கேட்டால்தான் கிடைக்கும், நீங்கள் கேட்டால் கிடைக்காது. அதனால் வாடிக்கையாளர் பெயரில் கடிதம் போகட்டும்.

வால்வு விற்பவரின் பதிலுக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் அனுப்பினால் அது மாதக் கணக்கு.

3. முதல் கணக்கு: வால்வு அடிக்கும் அடி

அழுத்த ஏற்றம் = அடர்த்தி × ஒலிவேகம் × ஓட்ட வேகத்தில் வந்த மாற்றம். ஜூகோவ்ஸ்கி சூத்திரம் என்பது இதுதான்.

தண்ணீர்: அடர்த்தி 1000 கிலோ/கன மீட்டர், ஒலிவேகம் குழாயைப் பொறுத்து 1200 மீ/நொடி அளவில். 1 மீ/நொடி ஓட்டத்தைத் திடீரென நிறுத்தினால் 12 பார் ஏறும். பயப்பட வேண்டியதுதான்.

இப்போது இயற்கை எரிவாயு. 40 பாரில் அடர்த்தி 30 அளவில், ஒலிவேகம் 400 மீ/நொடி. ஓட்ட வேகம் 10 மீ/நொடி என்று தாராளமாகவே வைப்போம். 30 × 400 × 10 = 1,20,000 பாஸ்கல், அதாவது 1.2 பார். 40 பார் குழாயில் 3 விழுக்காடுதான்.

இந்த எண் முழுசாக வருவது வால்வு 'உடனடியாக' மூடினால். அழுத்த அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள் மூடினால் அது உடனடி. 2 கிலோமீட்டர் குழாய் என்றால் 4000 மீட்டரை 400ஆல் வகுங்கள், 10 நொடி. ஆக, எட்டு நொடியில் நிதானமாக மூடும் வால்வும் இந்தக் குழாய்க்கு உடனடிதான். புதிதாக வருபவர்கள் இதில் சறுக்குவார்கள்: எரிவாயுவில் ஒலிவேகம் குறைவு என்பதால் இந்த நேரம் தண்ணீரைவிட மூன்று மடங்கு நீளம்.

1.2 பார் குழாயை வெடிக்க வைக்காது. ஆனால் குழாயைத் தள்ளும். 300 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 0.07 சதுர மீட்டர், அதன்மேல் 1.2 பார் என்றால் 8.5 கிலோநியூட்டன். ஏறக்குறைய 860 கிலோ எடை ஒரு வளைவின்மேல் திடீரென மோதுகிறது, எதிர் வளைவுக்கு அலை போய்ச் சேரும்வரை அதைச் சமன்செய்ய ஆளில்லை. நீளமான நேர்க்குழாய்களில் சப்போர்ட் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, ஷூ (குழாயின் அடியில் இருக்கும் தாங்கு பாதம்) நகர்ந்து பெயின்ட் உரசியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரசல் கோடு எந்த மென்பொருளும் சொல்லாததைச் சொல்லும்.

4. இரண்டாம் கணக்கு: குழாய் நிரம்புவது

நான் சொல்ல வந்ததே இதுதான். எம்ஆர்டி நடைமேடையில் ரயில் கதவு மூடிய பிறகும் எஸ்கலேட்டர் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கதவு அல்ல, எஸ்கலேட்டர்தான் கூட்டத்தைச் சேர்க்கிறது.

கணக்கு எளிது: நொடிக்கு உள்ளே வரும் வாயுவின் கன அளவை (குழாயில் இருக்கும் அழுத்தத்தில்) குழாயின் கன அளவால் வகுத்து, தனி அழுத்தத்தால் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது) பெருக்குங்கள். நொடிக்கு எத்தனை பார் ஏறும் என்று வந்துவிடும்.

அதே 300 மி.மீ., 2 கி.மீ. குழாய். கன அளவு 141 கன மீட்டர். 10 மீ/நொடி வேகத்தில் உள்ளே வருவது நொடிக்கு 0.7 கன மீட்டர். 0.7 ÷ 141 × 40 = நொடிக்கு 0.2 பார். ஆறே நொடியில் முதல் கணக்கின் 1.2 பாரை எட்டிவிடும். பின்னாலிருக்கும் கம்ப்ரசர் ஒரு நிமிடம் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் 12 பார்.

நடைமுறையில் அழுத்தம் ஏற ஏற உள்ளே வருவது குறையும், அதனால் 12 பார் என்பது உச்ச வரம்பு. ஆனாலும் அறிக்கையில் முதலில் வர வேண்டியது இந்த எண்தான். கம்ப்ரசருக்கு டிரிப் சிக்னல் போகிறதா, எத்தனை நொடியில் போகிறது, போகாவிட்டால் எந்த ரிலீஃப் வால்வு காப்பாற்றும் என்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும்.

அளவுகளில் கவனம். கேஜ் அழுத்தத்தைப் போட்டால் விடை தப்பு, தனி அழுத்தம்தான் வேண்டும். 'நார்மல்' கன மீட்டர் 0 பாகையில், 'ஸ்டாண்டர்ட்' கன மீட்டர் பெரும்பாலும் 15 பாகையில். இரண்டுக்கும் 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். டேட்டா ஷீட் எதைச் சொல்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

5. குட்டிக் குழாய்தான் பெரிய தொல்லை

"பாய்லர் நிற்கும்போதெல்லாம் ஸ்லாம் ஷட் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆள் போய்க் கையால் ரீசெட் செய்ய வேண்டியிருக்கிறது." இந்தப் புகார் வந்தால் இப்படிப் பாருங்கள்.

ரெகுலேட்டரிலிருந்து பர்னர் வால்வு வரை 100 மி.மீ. குழாய், 50 மீட்டர் என்று வைப்போம். கன அளவு 0.39 கன மீட்டர்தான். பாய்லர் மணிக்கு 500 ஸ்டாண்டர்ட் கன மீட்டர் எரிக்கிறது, அதாவது நொடிக்கு 0.14. ஸ்டாண்டர்ட் கன மீட்டர் 1 பார் அளவில் இருப்பதால் இங்கே 1ஆல் பெருக்கினால் போதும்: ரெகுலேட்டர் அசையாமல் திறந்தே இருந்தால் அழுத்தம் நொடிக்கு 0.36 பார் வேகத்தில் ஏறும். ரெகுலேட்டர் செட் 200 மில்லிபார், ஸ்லாம் ஷட் 300 மில்லிபார் என்றால் இடைவெளி வெறும் 100 மில்லிபார். அதைக் கடக்க 0.28 நொடி போதும். பாதுகாப்பு வால்வு மூடி, கால் நொடி சொச்சத்தில் ரெகுலேட்டரும் மூடியாக வேண்டும். பைலட் வகை அதைச் செய்யாது.

வழக்கமான நிறுத்தத்தில் பர்னர் முதலில் சிறு தீக்கு இறங்கி, பிறகுதான் வால்வு மூடும். அப்போது ஓட்டம் குறைவு, ஸ்லாம் ஷட் விழக்கூடாது. அவசர நிறுத்தத்தில் முழுத் தீயிலேயே மூடும். எந்த நிறுத்தத்தில் விழுகிறது என்று ஆப்பரேட்டரைக் கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவரை அல்ல, ரீசெட் செய்யப் போகும் அண்ணனை. வழக்கமான நிறுத்தத்திலும் விழுகிறது என்றால் பெரும்பாலும் ரெகுலேட்டரின் சென்ஸிங் லைனில் (குழாயின் அழுத்தத்தை ரெகுலேட்டருக்குக் காட்டும் மெல்லிய குழாய்) கோளாறு. அதில் இருக்கும் ஊசி வால்வை யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள், அல்லது லைன் வளைவுக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டிருக்கும்.

6. நேரில் அளப்பது

சுவரில் தொங்கும் கேஜில் கால் நொடி ஏற்றம் தெரியாது. கட்டுப்பாட்டு அறைப் பதிவிலும் பெரும்பாலும் தெரியாது. நொடிக்கு ஒருமுறையோ அதைவிட மெதுவாகவோதான் அது பதியும், டிரான்ஸ்மிட்டரின் டாம்பிங் வேறு உச்சியை மழுங்கடித்துவிடும். நொடிக்கு 100 முறையாவது பதியும் லாகரை (அளவுகளைப் பதியும் கருவி) வாடகைக்கு எடுங்கள்.

வெடிப்பு அபாய மண்டலத்துக்குள் சாதாரண லாகர், மடிக்கணினி, கைபேசி எதுவும் போகக்கூடாது. சான்று பெற்ற கருவி வேண்டும், இல்லையேல் வாயு சோதனையோடு ஹாட் வொர்க் பெர்மிட். பெர்மிட்டை முந்தைய நாளே போட்டுவிடுங்கள். ஜூரோங் தீவு என்றால் நுழைவு அனுமதிக்குத் தனியாக நாள் வைக்க வேண்டும். லாகர் வாடகை நாள்கணக்கில் ஓடுவதால், பெர்மிட் கையில் வந்தபிறகு வாடகையைத் தொடங்குங்கள்.

7. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

பர்னர் பாதுகாப்பு வால்வை மெதுவாக மூட வைக்கலாமே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள். கண்டிப்பாகக் கூடாது. தீ அணைந்த உலைக்குள் அந்தக் கூடுதல் நொடிகளில் வாயு போய்ச் சேரும். அந்த வால்வின் வேலையே வேகமாக மூடுவது. மெதுவாக்க இடமிருப்பது நீளக் குழாயின் அடைப்பு வால்வில்தான், அதுவும் ஆலையின் அபாய ஆய்வு ஒப்புக்கொண்ட நேரத்துக்குள்.

ஸ்லாம் ஷட் செட்டை ஏற்றுவது மலிவான வழி, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். கீழே இருக்கும் மிகப் பலவீனமான கருவி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த பிறகு மட்டுமே செய்யுங்கள். வேகமான ரெகுலேட்டர், பெரிய விட்டக் குழாய், பாதுகாப்பான இடத்தில் வெளியேற்றும் சிறு ரிலீஃப் ஆகியவை சரியான வழிகள், விலை அதிகம்.

"ஏ.எஸ்.எம்.இ. பி31.3 (ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு) அனுமதித்த அழுத்தத்தைவிட 33 விழுக்காடு அதிகம் போகலாம் என்கிறதே" என்று ஒருவர் வருவார். அது ஒருமுறைக்கு 10 மணி நேரத்துக்கும் ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்கும் மிகாமல், உரிமையாளர் ஒப்புதலோடு, இன்னும் சில நிபந்தனைகளோடு வரும் சலுகை. குழாய்க்குத்தான் அது. நடுவில் இருக்கும் மீட்டருக்கும் ஃபில்டருக்கும் அல்ல.

8. கையெழுத்து, செலவு, நாள்கள்

விநியோக நிறுவனத்துக்குச் சொந்தமான ரெகுலேட்டரையும் மீட்டரையும் தொடாதீர்கள், முத்திரையைத் திருகிப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் கணக்கு அவர்களுடைய ரெகுலேட்டர்மேல் விரல் நீட்டினால் அளவீட்டு வரைபடத்தோடு வாடிக்கையாளர் மூலம் எழுதுங்கள். வளாகத்துக்குள் இருக்கும் எரிவாயுக் குழாயில் வேலை செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயு சேவைப் பணியாளர் வேண்டும். வடிவமைப்பையே மாற்றும் வேலை என்றால் நிபுணத்துவப் பொறியாளர் கையெழுத்தும் தேவைப்படுமா என்று அந்தப் பொறியாளரிடமே தொடக்கத்தில் கேட்டுவிடுங்கள். எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றால், தான் பார்க்காத கணக்கில் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அது நியாயமும்கூட.

இரண்டு கணக்குக்கும் எக்செல் போதும், செலவில்லை. பல கிளைகள், பல வால்வுகள், பக்கத்து டர்பைன் என்று வந்தால் மட்டுமே நிலையற்ற ஓட்ட மென்பொருள். ஆண்டு உரிமத்தை வாங்குவதைவிட ஒருமுறை வேலைக்கு வெளி ஆலோசகரிடம் கொடுப்பது மலிவு. அவர்கள் சூழல் எண்ணிக்கைக்குத்தான் விலை சொல்வார்கள், அதனால் எக்செல்லில் வடிகட்டி மோசமான மூன்று நான்கை மட்டும் கொடுங்கள். ஊசி வால்வைச் சரிசெய்வதற்கு ஆள் கூலிதான். ஸ்பிரிங் மாற்றம் நூறுகளில் முடியலாம். குழாயை வெட்டினால் நைட்ரஜன் பர்ஜ் (நைட்ரஜனை விட்டு எரிவாயுவை வெளியேற்றுவது), அழுத்தச் சோதனை, இரவு வேலைக் கூலி என்று ஆயிரங்களில் ஓடும்.

நாள்களைப் பார்த்தால், கணக்கு ஒரு மதியம், தாள்கள் மூன்று வாரம், அளவீடு பெர்மிட்டோடு ஒரு வாரம். மாற்றம் செய்வது ஆலையின் அடுத்த ஷட்டவுனில்தான், அது எப்போது என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு முழுத் தீயில் ஒருமுறை அவசர நிறுத்தம் செய்து லாகரில் பதியச் சொல்லுங்கள். உற்பத்திப் பிரிவு முகம் சுளிக்கும். அடுத்தமுறை பாய்லரை நிறுத்தப் போகிற கடைசி நிமிடத்தில் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள், எப்படியும் அப்போது அதை நிறுத்தத்தானே வேண்டும். புதிய மூடும் நேரத்தையும் செட் பாயின்ட்களையும் மாற்றிய அன்றே பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.